மூடுலும் பிக்புளூபட்டனும்: ஐந்து வருடம் சேர்த்து ஓட்டிய அனுபவம்

2021 செப்டம்பர் 30, வியாழக்கிழமை. இரவு எட்டு மணிக்கு மூன்றாம் ஆண்டுக்குப் புள்ளியியல் வகுப்பு. ஏழே முக்காலுக்கு மேடம் போன் செய்தார். "சார், காலையில நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப சேர முடியலன்னு வருது. பிள்ளைங்க எல்லாம் வந்து காத்துக்கிட்டிருக்காங்க."

என் போனில், எங்கள் காணொளி வகுப்பறையான பிக்புளூபட்டன் (சுருக்கமாக பிபிபி) சர்வரின் முகவரியைத் திறந்தேன். பக்கம் வந்தது, பூட்டுக் குறியும் சரியாக இருந்தது. பாடத்தளமான மூடுலில் பாடப் பக்கத்துக்குப் போய் 'வகுப்பில் சேர்' பொத்தானை அழுத்தினால், வகுப்பில் சேர முடியவில்லை, சர்வரின் யூஆர்எல் சரியா என்றும் சர்வர் ஓடுகிறதா என்றும் பாருங்கள் என்கிற செய்தி. யூஆர்எல்லை யாரும் தொடவில்லை. சர்வரில் அதன் நிலையைச் சோதிக்கும் பிபிபி-கான்ஃப் செக் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன், எல்லா சர்வீஸும் ஓடிக்கொண்டிருந்தன. ரீஸ்டார்ட் செய்தேன். மறுபடியும் செய்தேன். அரை மணி நேரம் இதிலேயே போனது.

கடைசியில்தான் மூடுல் இருக்கும் மெஷினுக்குள் போய், அங்கிருந்தே பிபிபி முகவரியைக் கர்ல் கட்டளையால் கூப்பிட்டுப் பார்த்தேன். பாதுகாப்பான இணைப்புக்கான சர்ட்டிஃபிகேட் காலாவதி என்றது. எங்கள் சர்ட்டிஃபிகேட் ஆகஸ்ட் கடைசியில் புதுப்பித்தது, தொண்ணூறு நாள் கணக்கில் நவம்பர் வரை செல்லும். காலாவதியானது எங்களுடையது இல்லை. நாங்கள் இலவசமாக வாங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் சர்ட்டிஃபிகேட்டுகள் பழைய கருவிகளுக்காகச் சாய்ந்து நின்ற டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற மூலச் சான்றிதழின் ஆயுள், அன்று நம் நேரப்படி இரவு 7.31க்கு முடிந்துவிட்டது. பிரவுசர்களுக்குப் புதிய மூலமான ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 தெரியும், அதனால் அவை கவலைப்படவில்லை. எங்கள் மூடுல் ஓடியது உபுண்டு 16.04 என்ற பழைய லினக்ஸ் பதிப்பில். அதில் இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 என்ற, சான்றிதழ் சரிபார்க்கும் பழைய மென்பொருள், பழைய மூலத்தைத் தேடிப் போய் அங்கேயே நின்றுவிட்டது. சான்றிதழ்ப் பட்டியல் கோப்பில் அந்த ஒரு வரிக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டு, பட்டியலைப் புதுப்பித்து, பிஎச்பியை ரீஸ்டார்ட் செய்தவுடன் வேலை முடிந்தது. எட்டே முக்காலுக்கு வகுப்பு தொடங்கியது. மேடம் அதற்குள் வாட்ஸ்அப்பில் பாதிப் பாடத்தைக் குரல்பதிவாக அனுப்பியிருந்தார்.

மூடுல், பிக்புளூபட்டன் இரண்டையும் நான் 2020 ஜூலையிலிருந்து சேர்த்து ஓட்டுகிறேன். ஓர் ஊர்க் கல்லூரி, ஆய்வகப் பொறுப்பு என்னுடையது. மூடுல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் பிறந்து 2002இல் முதல் பதிப்பு கண்ட பாடத்தளம். பிக்புளூபட்டன் கனடாவின் ஒட்டாவாவில், கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2007இல் தொடங்கிய காணொளி வகுப்பறை. இரண்டும் ஓப்பன் சோர்ஸ். முதலில் தனி பிளக்இன்னாக இருந்த இணைப்பு, 2022 ஏப்ரலில் வந்த மூடுல் 4.0இலிருந்து உள்ளேயே சேர்ந்து வருகிறது. மாணவருக்குத் தனி லிங்க் வேண்டாம், தனி ஆப் வேண்டாம், பாடப் பக்கத்தில் ஒரு பொத்தான் போதும். லிங்க்கை ஐந்து குரூப்பில் ஃபார்வர்டு செய்து, கடைசியில் யாரோ வெளியாள் வந்து உட்காரும் தொல்லை இல்லை. இதற்காகவே இதை விட எனக்கு மனசில்லை.

அந்த வியாழக்கிழமை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே விஷயம். 'கனெக்‌ஷன் எரர்' என்று எல்லோரும் ஒரே பெயரில் சொல்கிறோமே, அதற்குள் மூன்று தனித்தனிப் பாதைகள் இருக்கின்றன. மூடுல் சர்வர் பிபிபி சர்வரைக் கூப்பிடுவது ஒன்று. மாணவரின் பிரவுசர் நேராக பிபிபியைக் கூப்பிடுவது இன்னொன்று. வகுப்பு முடிந்து பதிவு தயாரானதும் பிபிபி திரும்பி மூடுலைக் கூப்பிடுவது மூன்றாவது. என் போனில் பக்கம் திறந்தது இரண்டாவது பாதை நன்றாக இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. உடைந்திருந்தது முதல் பாதை. அதனால் இப்போதெல்லாம் யாராவது போன் செய்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, "பொத்தானை அழுத்தினதும் வருதா, இல்ல ரூமுக்குள்ள போனப்புறம் வருதா?" என்பதுதான். பாதி வேலை அதில் முடிந்துவிடும்.

பொத்தானை அழுத்தினதும் வந்தால், மூடுல் மெஷினுக்குள் போய் அங்கிருந்து பிபிபி முகவரியின் கடைசியில் 'ஏபிஐ' என்ற சொல்லைச் சேர்த்துக் கூப்பிட வேண்டும். 'சக்சஸ்' என்ற சொல்லோடு நாலு வரி எக்ஸ்எம்எல் வந்தால் பாதை திறந்திருக்கிறது. உங்கள் லேப்டாப்பிலிருந்து கூப்பிட்டுப் பார்ப்பதில் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

எங்களுக்கு 2020இல் முதல் நாளே அங்கே ஒரு சிக்கல். இரண்டு சர்வரும் ஒரே ரேக்கில், மேலும் கீழும். வெளியிலிருந்து இரண்டும் திறக்கும். ஆனால் மூடுல் தன் பக்கத்திலேயே இருக்கும் பிபிபியைப் பொது ஐபி முகவரியில் கூப்பிட்டால் பதில் இல்லை. உள்ளேயிருந்து கிளம்பி, வெளி முகவரியைத் தொட்டு, மறுபடி உள்ளே வரும் போக்குவரத்தை எங்கள் ஃபயர்வால் திருப்பி விடவில்லை. அவசரத்துக்கு, எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்று சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பில், மூடுல் மெஷினில் ஒரு வரி எழுதினேன்: பிபிபி பெயருக்கு 192.168 என்று தொடங்கும் உள் முகவரி. உடனே இணைந்தது. அந்த வரியை மறந்தும் போனேன்.

இரண்டு வருடம் கழித்து அது வேலையைக் காட்டியது. 2022 விடுமுறையில் புதிய மெஷினில் மூடுல் 4.0 நிறுவினோம், ஹோஸ்ட்ஸ் கோப்பையும் பழையபடியே கொண்டுவந்தோம். டெர்மினலில் கர்ல் போட்டால் 'சக்சஸ்' வருகிறது, மூடுலில் அழுத்தினால் மறுக்கிறது. சான்றிதழ், ஃபயர்வால், எல்லாம் பார்த்தாகிவிட்டது. இரண்டு நாள் கழித்து மூடுலின் நிர்வாகப் பகுதியில், பாதுகாப்பு அமைப்புகளின் கீழ், கர்ல் தடைப் பட்டியல் கண்ணில் பட்டது. புதிதாக நிறுவிய மூடுல், 10, 172.16, 192.168 ஆகிய உள் முகவரித் தொகுதிகளுக்குத் தானாகப் போகாதபடி அங்கே தடை போட்டிருக்கிறது. நல்ல காரணம்தான்: யாரோ ஒருவர் மூடுலில் ஒரு முகவரியைக் கொடுத்து, கல்லூரியின் உள் மெஷின்களைத் துழாவக் கூடாது. ஹோஸ்ட்ஸ் கோப்பில் நான் எழுதிய வரியால், பிபிபியும் அந்தத் தடைக்குள் விழுந்துவிட்டது. டெர்மினல் கர்லுக்கு மூடுலின் பட்டியல் தெரியாது, அதனால்தான் அது மட்டும் இணைந்தது.

பலரும் இந்த இடத்தில் பட்டியலிலிருந்து 192.168 வரியை அழித்துவிட்டு நிம்மதியாகப் போவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த வரியை எடுத்தால் சம்பளக் கணக்கு இருக்கும் மெஷின் உட்பட எல்லாமே திறந்துவிடும். நெட்வொர்க் பார்க்கும் அண்ணனிடம் போனேன். "அண்ணே, உள்ளேயிருந்து வெளி ஐபிக்குப் போறதைத் திருப்பி உள்ளேயே விடணும், ஒரு ரூல் போட்டுத் தரீங்களா?" என்றேன். "இதுக்கா தம்பி ரெண்டு வருஷமா ஹோஸ்ட்ஸ்ல எழுதி வெச்சிருக்கே? அன்னிக்கே கேட்டிருந்தா பத்து நிமிஷ வேலை" என்றார். பத்து நிமிடத்தில் முடித்தும் கொடுத்தார். ஹோஸ்ட்ஸ் வரியை அழித்தேன். அதன் பிறகு அந்தத் தொல்லை வரவே இல்லை.

முதல் பாதையில் இன்னொன்று, செக்சம் எரர். மூடுல் ஒவ்வொரு முறையும் அழைப்பின் பெயர், அதனுடன் போகும் விவரங்கள், இரண்டு பக்கமும் மட்டும் அறிந்த ரகசியச் சொல் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு சுருக்கக் குறி கணக்கிட்டு அனுப்புகிறது. பிபிபியும் தன் பக்கம் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். ஓர் எழுத்து மாறினாலும் இரண்டும் பொருந்தாது. பிபிபி 2.4 ஓடியது உபுண்டு 18.04இல், 2.5க்கு 20.04 வேண்டும், ஆகவே புதிய மெஷின், புதிய ரகசியச் சொல். டெர்மினலில் நீளமான அந்தச் சொல் இரண்டு வரியாக மடிந்திருந்தது, நகலெடுக்கும்போது கடைசி எழுத்து ஒன்று விடுபட்டது. ஒரு மணி நேரம் அதில் போனது. மெஷின் மாற்றும்போது பிபிபி-கான்ஃப் செட்சீக்ரெட் கொடுத்துப் பழைய சொல்லையே புதிய சர்வரில் வைத்துவிடலாம், மூடுல் பக்கம் எதையும் தொட வேண்டியதில்லை. அடுத்த மாற்றத்துக்கு அப்படித்தான் செய்தேன்.

இனி ரூமுக்குள் போன பிறகு வரும் தொல்லை. மாணவர்களை அதிகம் வாட்டுவது இதுதான்.

விடுதியில் இருக்கும் முதலாண்டுப் பையன் ஒருவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்கே வந்தான். "சார், ஸ்லைடு தெரியுது, சாட் வருது, மைக்கை அழுத்தினா மட்டும் சுத்திக்கிட்டே இருந்துட்டு 1007னு வருது." ஆய்வகத்தில் வைத்து எக்கோ டெஸ்ட் பார்த்தோம், அவன் குரல் அவனுக்கே கேட்டது. விடுதிக்கு அவனுடனேயே நடந்து போய், மாடிப் படியில் உட்கார்ந்து மறுபடியும் பார்த்தோம். நீல வட்டம் சுற்றியது, சுமார் அரை நிமிடத்தில் 1007.

ஸ்லைடும் சாட்டும் வழக்கமான 443 போர்ட்டில், வெப்சாக்கெட் வழியாகப் போகின்றன. குரலும் முகமும் அப்படிப் போவதில்லை. அவை யூடிபி என்ற வேறு வகைப் போக்குவரத்தில், 16384 முதல் 32768 வரையான போர்ட்டுகளில் போக வேண்டும். விடுதியின் வைஃபையில் யூடிபி மொத்தமாக அடைபட்டிருந்தது. பையன் பக்கமும் தப்பில்லை, பிபிபி பக்கமும் தப்பில்லை. ஒரு செமஸ்டர் முழுக்க அவன் வகுப்பில் வாய் திறக்க முடியாமல் சாட்டில் மட்டும் பதில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். 'வகுப்பில் பங்கேற்பு குறைவு' என்று அவன் பெயருக்கு நேரே ஆசிரியர் குறித்தும் வைத்திருந்தார். அதைப் பார்த்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. ஆசிரியரிடம் நானே போய் விவரம் சொன்னேன், அவரும் உடனே திருத்தினார்.

தீர்வு டர்ன் சர்வர். யூடிபி போக வழி இல்லாத இடத்தில், குரலையும் படத்தையும் 443 போர்ட்டில் டிசிபி வழியாக வாங்கி பிபிபிக்குக் கடத்தித் தரும் இடைநிலையம் அது. அப்போது பிபிபி மெஷினில் 443ஐ வெப் சர்வர் பிடித்து வைத்திருந்ததால், தனியாக ஒரு சின்ன வாடகை மெஷின் எடுத்து அதில் கோடர்ன் என்ற டர்ன் மென்பொருளை நிறுவினேன். 2.6க்கு வந்த பிறகு நிறுவல் ஸ்கிரிப்டே அதே மெஷினில், 443ஐப் பிரித்துக் கொடுக்கும் ஹெச்ஏபிராக்ஸியையும் கோடர்னையும் சேர்த்துப் போட்டுவிடுகிறது, வாடகை மெஷினை விட்டுவிட்டோம். டர்ன் உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க, வெப்ஆர்டிசி மாதிரிப் பக்கங்களில் உள்ள டிரிக்கிள் ஐஸ் சோதனையை, தொல்லை வருகிற அதே வைஃபையில் ஓட்டிப் பாருங்கள். வரும் வரிகளில் 'ரிலே' என்று ஒன்றாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் டர்ன் பெயருக்குத்தான் இருக்கிறது.

சர்வர் நாட் (NAT) என்னும் முகவரி மாற்றத்துக்குப் பின்னால், உள் ஐபியில் இருந்தால் பார்க்க இன்னொரு இடமும் உண்டு. பிபிபியின் குரல் பகுதியான ஃப்ரீஸ்விட்ச்சுக்கு வெளி ஐபி எது என்று தெரிந்திருக்க வேண்டும். உள் ஐபியையே மாணவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தால், வெளியிலிருந்து ஒருவருக்கும் குரல் சேராது. எல்லாருக்கும் 1007 என்றால் அங்கே பாருங்கள், சிலருக்கு மட்டும் என்றால் அவர்கள் இருக்கும் வலையைப் பாருங்கள்.

மூன்றாவது பாதையில் எங்களுக்கு அதிகம் அடிபடவில்லை. பதிவைக் காணோம் என்று வரும் புகாரில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம், ஆசிரியர் வகுப்பில் பதிவுப் பொத்தானை அழுத்தாததுதான். பதிவு அனுமதிக்கப்பட்ட வகுப்பாக இருந்தாலும், உள்ளே போய் அதை அழுத்த வேண்டும். ஒரு முறை மட்டும் நிஜமான தொல்லை: குறித்த இடைவெளியில் வேலைகளைத் தானாக ஓட்டும் மூடுலின் கிரான் நின்றுபோயிருந்தது. 4.0க்குப் பிறகு காத்திருக்கும் பதிவுகளைத் தேடிக் கொண்டுவருவதும் கிரானில் ஓடும் ஒரு வேலைதான். ஒன்பது நாள் வகுப்புகள் பிபிபியில் தயாராக இருந்தும் பாடப் பக்கத்தில் எதுவும் தெரியவில்லை. கிரானை நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும்படி திரும்ப வைத்ததும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

அப்புறம் டிஸ்க். பதிவின் மூலக் கோப்புகள் சேர்ந்துகொண்டே போகும். டிஸ்க் நிறைந்தால் புதிய வகுப்பே தொடங்காது, மூடுலோ வழக்கம்போல யூஆர்எல்லைப் பாருங்கள் என்றுதான் சொல்லும். பதிவு வைத்திருப்பவர்களுக்கு 500 ஜிபி காலி இடம், 16 ஜிபி ராம், 8 கோர் என்று பிபிபி ஆவணம் கேட்பதை மிகை என்று நினைக்க வேண்டாம். 8 ஜிபி ராமில் ஒரு செமஸ்டர் ஓட்டினோம், மூன்று வகுப்பு ஒரே நேரத்தில் தொடங்கினால் குரல் அறுபட்டுப் போகும்.

சொந்த சர்வர் வைக்க வழி இல்லாதவர்கள் மூடுலுக்கென்று கிடைக்கும் பிபிபியின் இலவச இணைப்பில் தொடங்கலாம். ஒரு வகுப்புக்கு 60 நிமிடம், 25 பேர், பதிவுகள் 7 நாளுக்குத்தான் என்ற வரம்புகள் அதற்கு உண்டு. பழகிப் பார்க்க அது போதும். அறுபது பேர் இருக்கும் வகுப்புக்கு அது ஆகாது, தொடங்கும் முன்பே நிர்வாகத்திடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

இப்போது கையில் இருக்கும் வேலை பிபிபி 3.0. அதற்கு உபுண்டு 22.04 வேண்டும், மறுபடியும் புதிய மெஷின். பழைய ரகசியச் சொல்லை இப்போதே எடுத்து, முழுதாக இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாக எண்ணி வைத்துவிட்டேன். விடுமுறை தொடங்கும் முதல் சனிக்கிழமை மாற்றுகிறோம். அன்று மாலை விடுதி மாடிப் படியிலிருந்து எக்கோ டெஸ்ட் செய்து தருவதாக, இப்போது கடைசி ஆண்டில் இருக்கும் அதே பையன் சொல்லியிருக்கிறான்.