தரையில்லாக் கூடாரம்: வேட்டைப் பயணத்திற்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

வண்டி போகும் பாதையை விட்டு இரண்டு நாள் நடைத் தொலைவுக்கு அப்பால், முதுகில் சுமந்து செல்வதை மட்டுமே நம்பித் தங்கி வேட்டையாடுகிறவர்களுக்கு, கூடாரத்தின் எடை வெறும் வசதி சார்ந்த கேள்வி அல்ல. போகும்போது தூக்கிய அத்தனையையும் திரும்பும்போது இறைச்சியோடு சேர்த்துத் தூக்க வேண்டும். அதனால்தான் அடித்தளமே இல்லாத, ஒற்றைத் துணியாலான கூடாரங்களை நாடுகிறோம். கடந்த ஆறு வேட்டைப் பருவங்களில் இவற்றில் மூன்று வகைகளைப் பயன்படுத்தியிருக்கிறேன்: தட்டையான ஒரு தார்ப்பாய் விரிப்பு, நான்கு பக்கங்கள் கொண்ட பிரமிடு, விறகடுப்புக்கான துளையுடன் எட்டுப் பக்கங்கள் கொண்ட கூம்பு. மூன்றையும் வாங்கும்போது நான் முதலில் பார்த்தது கிராம் கணக்கைத்தான். அது தவறான தொடக்கம் என்று இன்று உறுதியாகச் சொல்வேன். எந்த நிலத்தில் முளை அடிக்கப் போகிறோம் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். துணியும் எடையும் அதன் பிறகு வருபவை.

தரையில்லாத கூடாரம் புதிய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்க ராணுவ அதிகாரி ஹென்றி ஹாப்கின்ஸ் சிப்லி, சமவெளிப் பழங்குடி மக்களின் டிப்பி எனப்படும் கூம்புக் குடிலை முன்மாதிரியாகக் கொண்டு, ஒற்றைக் கம்பத்தில் நிற்கும் கூம்புக் கூடாரத்துக்கு 1856இல் காப்புரிமை பெற்றார். 12 அடி உயரமும் 18 அடி விட்டமும் கொண்ட அதில் பன்னிரண்டு பேர் படுக்கலாம். நடுவில் தகட்டாலான கூம்பு அடுப்பு எரியும். இன்று சீக் அவுட்சைட், கிஃபாரு போன்ற நிறுவனங்கள் தயாரிக்கும் அடுப்புத் துளைக் கூம்புகளைப் பார்க்கும்போது, துணியும் எடையும்தான் மாறியிருக்கின்றன, அமைப்பு அப்படியே இருக்கிறது என்பது விளங்கும்.

தரை இல்லாததன் பயன் எடைக் குறைப்போடு நின்றுவிடுவதில்லை. சேறு அப்பிய காலணியோடு உள்ளே நுழையலாம். ரத்தக் கறை படிந்த பையையும் நனைந்த துப்பாக்கி உறையையும் ஓர் ஓரமாகச் சாய்த்து வைக்கலாம். வெளியே மழை கொட்டும்போது உள்ளே நின்றபடி உடை மாற்றலாம். எந்தத் துணித் தரையும் கிழியாது, எதையும் துடைக்க வேண்டியதில்லை. தரை இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே வந்துவிடாதா என்று புதியவர்கள் அனைவரும் கேட்கிறார்கள். குழிவான இடத்தில் அடித்தால் வரும். நீர் வழிந்தோடும் தடத்தை விட்டு விலகி, கையளவாவது மேடாக இருக்கும் இடத்தைத் தேர்ந்தால் வராது. தரையுள்ள கூடாரத்தையும் குழியில் அடித்தால் அது நனையத்தான் செய்யும். என்ன, தெரிவதற்குச் சற்று நேரமாகும்.

எடைக் கணக்கை இங்கேயே முடித்துவிடுகிறேன். என் நான்முகப் பிரமிடின் துணி மட்டும் 620 கிராம். அந்த எண்தான் விளம்பரத்தில் இருந்தது. பன்னிரண்டு முளைகள் 180 கிராம், இழுகயிறுகள் 50 கிராம், படுக்கைக்கு அடியில் விரிக்கும் தாள் 120 கிராம், தையலுக்குப் பூசிய சிலிகான் சுமார் 40 கிராம், நடுக்கம்பமாக நிற்கும் நடைக்கோலை உயரமாக்கும் இணைப்புத் துண்டு 60 கிராம். எல்லாம் சேர்த்தால் ஒரு கிலோவுக்கு மேல். பூச்சி வலையாலான உள்கூடு ஒன்றையும் சேர்த்தால் இன்னும் 450 கிராம் கூடி, சாதாரணமான இரட்டைச் சுவர்க் கூடாரத்தின் எடைக்கே வந்துவிடும். ஆகவே கொசுவும் உண்ணியும் மொய்க்கும் கோடைக் காலத்தில் மட்டுமே செல்பவருக்குத் தரையில்லாக் கூடாரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். இலையுதிர் காலத்தின் பிற்பகுதியில், உறைபனி விழத் தொடங்கிய பிறகு செல்பவருக்குத்தான் இது முழுப் பயனைத் தரும்.

இனி நிலத்துக்கு வருகிறேன். வழக்கமான கூடாரம் வளையும் கம்பிகளின் பலத்தில் தானாகவே நிற்கும். முளை அதைப் பறக்காமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பிரமிடும் கூம்பும் அப்படி அல்ல. நடுக்கம்பம் மேலே தள்ளுகிறது, முளைகள் கீழே இழுக்கின்றன, அந்த இரண்டு விசைகளுக்கும் இடையேதான் துணி விறைத்து நிற்கிறது. காற்று வீசும் பக்கத்து மூலை முளை ஒன்று பிடுங்கிக்கொண்டால், கூடாரம் முழுவதும் நம் முகத்தின் மேல் விழும். மரங்கள் வளரும் எல்லையான மரக்கோட்டுக்கு மேலே, சரளைக் கல் நிறைந்த ஒரு கணவாயில் இதைக் கற்றுக்கொண்டேன். முளை நான்கு விரற்கடை இறங்கியதும் கல்லில் முட்டி நின்றது. கொஞ்சம் தள்ளி அடித்தேன், அங்கும் அப்படியே. மூன்றாவது இடத்தில் கல்லால் ஓங்கித் தட்டியபோது அலுமினிய முளையின் தலை மடங்கிப்போனது. கடைசியில் இழுகயிற்றை ஒரு சிறிய கல்லில் சுற்றித் தரையில் கிடத்தி, அந்தக் கல்லுக்கு முன்னால் கயிற்றின் மேலே இரண்டு கைகளாலும் தூக்க வேண்டிய பெரிய கல்லை வைத்தேன். சிறிய கல் பெரிய கல்லில் முட்டி நின்றதால் கயிறு விடியும் வரை அசையவில்லை. எட்டு மூலைகளுக்கும் இப்படிச் செய்து முடிக்க ஒரு மணி நேரம் பிடித்தது. இருட்டிய பிறகு, பசியோடும் விறைத்த விரல்களோடும் செய்ய வேண்டிய வேலை இது.

எனவே பாறையும் சரளையும் நிறைந்த உயர்நிலத்தில் வேட்டையாடுகிறவர், குறைந்த முளைகளில் நிற்கும் கூடாரத்தையே வாங்க வேண்டும். நான்முகப் பிரமிடு நான்கு மூலைகளில் உறுதியாக நின்றுவிடும். மற்ற முளைகள் காற்றுக்காக. எட்டுப் பக்கக் கூம்புக்கு அந்தச் சலுகை கிடையாது. எட்டு முளைகளும் சரியான வட்டத்தில், சரியான இறுக்கத்தில் அமைந்தால்தான் சுவர் சுருங்காமல் நிற்கும். மண் ஆழமாக இருக்கும் காட்டுப் பகுதிக்கு எண்முகக் கூம்பு அருமையானது. எங்கே போனாலும் மூன்று பக்க இறக்கையுள்ள முளைகளோடு, கல்லிடுக்கில் செருகுவதற்கு நான்கைந்து மெல்லிய டைட்டானிய ஊசி முளைகளையும் கொண்டுபோவது நல்லது. பனியில் எந்த முளையும் நேராக நிற்காது. முளையையோ ஒரு குச்சியையோ கிடைமட்டமாகப் புதைத்து, மேலே பனியை மிதித்து இறுக்கினால் அது இறுகி நிற்கும்.

அடுத்த சிக்கல் உள்ளே படியும் ஈரம். துணி கசிகிறது என்று பலர் சொல்லும் குறை, பெரும்பாலும் கசிவே அல்ல. உறங்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் ஓர் இரவில் கால் லிட்டருக்கும் மேல் நீரை வெளியேற்றுகிறார். இருவர் படுத்தால் அது அரை லிட்டரைத் தாண்டும். தெளிந்த வானத்தின் கீழே துணி தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகிறது. நம் மூச்சின் ஈரம் அதில் படிந்து நீராகிறது. ஒரு முறை ஓடைக்கரைப் புல்வெளியில், காற்றே இல்லாத இரவில் அடித்திருந்தேன். விடிவதற்கு முன் விழித்து, சுவரில் விரலை வைத்து மேலிருந்து கீழாக இழுத்தபோது, விரல் போன தடம் முழுவதும் நீர் கோடாக வழிந்து சட்டைக்கையின் மடிப்புக்குள் இறங்கியது. உறக்கப்பையின் கால்பகுதி சுவரைத் தொட்ட இடத்தில் கையகல ஈரம். அடுத்த நாள் அதே கூடாரத்தை நூறு மீட்டர் மேலே, மரங்களின் கிளைகளுக்கு அடியில் அடித்தேன். மரங்கள் வானத்தை மறைத்தன, குளிர்காற்று பள்ளத்தில் தேங்கிவிட்டது; காலையில் சுவர் கிட்டத்தட்ட உலர்ந்திருந்தது. இடத்தை மாற்றியதில் கிடைத்த பலன், எந்தத் துணியை மாற்றினாலும் கிடைத்திருக்காது.

உச்சியில் காற்றுத் துளை இல்லாத கூடாரத்தை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். கீழ்விளிம்பை ஒரு சாண் உயர்த்திக் கட்டும் வசதியும் வேண்டும். கீழே புகும் காற்று ஈரத்தை மேலே தள்ளிக்கொண்டு போகும். புயலின்போது அதே விளிம்பைத் தரையோடு ஒட்டி இறக்கிக்கொள்ளலாம்.

துணிகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் மூன்றைத்தான் காணலாம். சிலிகான் பூசிய நைலான் கிழியாமல் உழைக்கும். ஆனால் நனைந்தால் நீளும். மாலையில் முரசு போல இறுக்கிக் கட்டிய சுவர், நள்ளிரவு மழையில் தொய்ந்து முகத்துக்கு அருகே வந்துவிடும். எழுந்து கம்பத்தை இரண்டு விரற்கடை உயர்த்த வேண்டியிருக்கும். சிலிகான் பூசிய பாலியெஸ்டர் நீரை அதிகம் உறிஞ்சாது, அதனால் தொய்வும் குறைவு. இன்று புதிதாக வாங்கினால் நான் இதைத்தான் எடுப்பேன். மூன்றாவது, டைனீமா என்ற பாலிஎத்திலீன் இழையாலான கூட்டுத் துணி; ஹைப்பர்லைட் மவுண்டன் கியரின் அல்டாமிட் இதனாலான பிரமிடு. 30 டெனியர் (இழையின் பருமனைக் குறிக்கும் அளவு) சிலிகான் நைலான் சதுர மீட்டருக்குச் சுமார் 45 கிராம் என்றால், டைனீமாவில் 17 முதல் 27 கிராமுக்குள் முடிந்துவிடும், நனைந்தாலும் நீளாது. ஆனால் விலை மிக அதிகம், மடித்தால் பருமனாகப் பையில் இடத்தை அடைக்கும், அந்த இழை சுமார் 150 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். நைலான் 200 டிகிரிக்கு மேலும் தாங்கும். அடுப்பு வைக்க விரும்புகிறவர் இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும்.

எத்தனை பேர் படுக்கலாம் என்று விற்பவர் சொல்லும் எண்ணைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். என் பிரமிடின் அடிப்பக்கம் 2.7 மீட்டர், உயரம் 1.6 மீட்டர். சரிவுச் சுவரால், உட்கார்ந்தால் 90 சென்டிமீட்டர் உயரம் வரும் ஒருவர், கம்பத்திலிருந்து 60 சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் தலை துணியில் படாது. நால்வருக்கானது என்று விற்கப்பட்ட இதில், பைகளோடும் ஆயுதங்களோடும் இருவர் நிம்மதியாக இருக்கலாம். மூன்றாமவர் வந்தால் மூவருமே நனைவார்கள்.

விறகடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எண்முகக் கூம்பை வாங்கியதே அதற்காகத்தான். மடக்கும் டைட்டானிய அடுப்பும் சுருட்டி எடுத்துச் செல்லும் புகைக்குழாயும் சேர்ந்து சுமார் ஒரு கிலோ. நாள் முழுவதும் நனைந்த காலுறைகளை உச்சிக் கயிற்றில் தொங்கவிட்டு, தீ மூட்டிப் பத்து நிமிடத்தில் உள்ளே வெறும் சட்டையோடு உட்காரலாம். சுவரில் படிந்த ஈரமும் காய்ந்துவிடும். மூன்று நாள் தொடர் ஈரப்பனியில் பயணத்தைப் பாதியில் முடிக்காமல் என்னைத் தங்க வைத்தது இந்த அடுப்புதான். ஆனால் இது இரவெல்லாம் எரியாது. அரை மணிக்கு ஒரு முறை விரல் பருமன் விறகை ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் தகடு உடனே குளிர்ந்துவிடும். ஆகவே படுப்பதற்கு முன்பும் எழுந்த பிறகும் உதவுவது என்றே இதைக் கருத வேண்டும். எரியும் அடுப்போடு உறங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. கீழ்விளிம்பைப் பனி மூடி, உச்சித் துளையும் அடைபட்டால் காற்று வரும் வழி நின்றுபோகும். பனி விழும் இரவில் ஓரத்தைத் தட்டி விலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். குழாயின் முனையில் தீப்பொறியைத் தடுக்கும் வலை இருந்தும் என் கூம்பின் மேற்பகுதியில் ஊசிமுனைத் துளைகள் நான்கு விழுந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு துளி சிலிகான் வைத்து அடைத்தேன்.

தையல் பற்றி ஒரு வருத்தம் உண்டு. இரண்டு பக்கமும் சிலிகான் பூசிய துணியில் நாடா ஒட்டாது; தையலுக்கு மேல் சிலிகானைக் கரைத்துத் தூரிகையால் பூச வேண்டும். என் பிரமிடை விற்றவர்கள் அதை எங்கும் தெளிவாகச் சொல்லவில்லை, பெட்டியில் இருந்த தாளிலும் இல்லை. முதல் பயணத்தின் இரண்டாம் இரவில், நான்கு தையல்களும் கூடும் உச்சியில் நீர் திரண்டு, கம்பம் வழியே இறங்கி, கம்பத்தின் அடியில் வைத்திருந்த மாற்றுடைப் பை முழுவதையும் நனைத்தது. கேட்டபோது, அது வாங்குகிறவரின் வேலை என்று பதில் வந்தது. இருக்கலாம், ஆனால் அதை விற்கும் முன் சொல்லியிருக்க வேண்டும். வாங்கும் முன் தையல் பூசப்பட்டதா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். பூசப்படவில்லை என்றால் உலர்ந்த ஒரு நாளில் கூடாரத்தை இறுக்கிக் கட்டி, வெளிப்புறத் தையல்களில் பூசி ஒரு நாள் காயவிட்டு, பிறகு நீர்க்குழாயால் உச்சியில் பீய்ச்சிப் பாருங்கள்.

தனியாகவும், மரக்கோட்டுக்கு மேலும் செல்லும் பயணங்களுக்கு இன்று நான் பிரமிடையே எடுக்கிறேன். துணையோடு, மண்ணாழமும் விறகும் உள்ள காட்டில் ஐந்து நாட்களுக்கு மேல் தங்குவதென்றால் அடுப்போடு கூடிய கூம்பு. தட்டை விரிப்பை ஒரே இரவு தங்கும் பயணங்களுக்கும், தொலைவில் வீழ்த்திய இறைச்சிக்கு நிழல் கட்டவும் வைத்திருக்கிறேன். கரடிகள் உலவும் காட்டில் அந்த இறைச்சியைக் கூடாரத்தின் அருகே ஒருபோதும் வைப்பதில்லை.