மெரியன் வரைஞ்ச மாதுளைக் கிளை: பிரிண்ட் வாங்கலாமா?

மெரியனோட மாதுளைக் கிளை பிரிண்டை ரெண்டு மாசமா சுவத்துல மாட்டி தினமும் பாத்துட்டு இருக்கேன், வாங்கலாமான்னு கேக்குறவங்களுக்கு என் பதில் தாராளமா வாங்கலாம், ஆனா எந்த பிரிண்ட்னு பாத்து வாங்கணும்.

மரியா சிபில்லா மெரியன் பூச்சிகளை ஆராய்ஞ்சு வரைஞ்ச ஓவியர், 1647ல ஜெர்மனியில ஃபிராங்க்ஃபர்ட்ல பொறந்தவங்க, 13 வயசுலயே பட்டுப்புழு வளர்த்து அது பூச்சியா மாறுறத கவனிக்க ஆரம்பிச்சிட்டாங்க. பூச்சியெல்லாம் சேத்துலயும் அழுகல்லயும் தானா உண்டாகுதுன்னு நிறைய பேர் நம்புன காலம் அது! 1699ல, 52 வயசுல, சின்ன மகளை மட்டும் கூட்டிக்கிட்டு தென் அமெரிக்காவுல இருக்கிற சுரினாமுக்கு கப்பல் ஏறுனாங்க, அங்க பாத்து வரைஞ்சதெல்லாம் 1705ல 60 படத்தோட புத்தகமா வந்துச்சு.

நான் வாங்குனது அதுல ஒண்ணு, மாதுளைக் கிளையில நீல மார்ஃபோ பட்டாம்பூச்சி. பூ, பழம், புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி எல்லாம் ஒரே கிளையில. ஒரு உயிரோட மொத்த வாழ்க்கையும் ஒரே தாள்ல இருக்கு, வெறும் அழகுப் படம்னு இதை சொல்ல எனக்கு மனசே வரல.

அந்த நீலத்தைப் பத்தி சொல்லியே ஆகணும். நிஜ மார்ஃபோ சிறகுல இருக்கிறது சாயம் இல்ல, நுண்ணிய செதில்கள்ல வெளிச்சம் பட்டு திரும்புற விதத்துலதான் அந்த நீலம் வருது. பூதக்கண்ணாடியில பாத்தா ஓடு அடுக்குன மாதிரி இருக்குன்னு மெரியனே எழுதியிருக்காங்க. அதனால எந்த மையும் அந்த மினுமினுப்பை தராது, அதை பிரிண்டோட குறையா எடுத்துக்காதீங்க.

குறைன்னா, மொத காப்பி வாங்குனப்ப ஃபிரேம் சைஸுக்காக ஓரத்தை வெட்டி அனுப்பிட்டாங்க, கிளையோட நுனியே காணோம், அது போக பழசு மாதிரி தெரியணும்னு மஞ்சள் ஃபில்டர் வேற போட்டிருந்தாங்க, பச்சை இலையெல்லாம் சருகு மாதிரி ஆயிருச்சு. கோவமே வந்துருச்சு, அவ்ளோ பொறுமையா ஒவ்வொரு நரம்பையும் வரைஞ்சவங்களுக்கு இதையா செய்வாங்க? திருப்பி அனுப்பிட்டு வேற இடத்துல வாங்குனேன்.

படம் முழுசா வருமான்னு கேட்டுக்கோங்க, ஆசிட் இல்லாத மேட் பேப்பர் (பளபளப்பு இல்லாதது), பிக்மென்ட் இங்க் (சீக்கிரம் மங்காத மை) இருந்தா நல்லது. பளபளன்னு இருக்கிற கிளாஸி பேப்பர் வேண்டவே வேண்டாம், லைட் பட்டு புழு மேல இருக்கிற நுணுக்கமெல்லாம் தெரியாம போயிடும். நேரா வெயில் படுற சுவத்துல மாட்டாதீங்க.

அடுத்து கொய்யா மரப் படம் வாங்கப் போறேன், பெரிய சிலந்தி ஹம்மிங்பேர்டைத் தின்னுமே, அது.