நிற்கவைத்து எடுப்பதா, பேசவைத்து எடுப்பதா?

கேமராவைத் தூக்கியதும் எதிரில் இருப்பவரின் தோள் தானாக மேலே ஏறிவிடும். கையை எங்கே வைப்பது என்றே தெரியாது. இந்த விரைப்பைப் போக்க இரண்டு வழிகள் உண்டு. தாடை, தோள், கை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி நிற்கவைப்பது ஒன்று. பேச்சுக் கொடுத்தோ, கையில் ஒரு வேலையைக் கொடுத்தோ கேமராவை மறக்கவைப்பது இன்னொன்று.

கல்யாண மேடையில் 12 பேர் நின்றால் முதல் வழிதான் சரி. வரிசையில் ஆட்கள் காத்திருக்கும்போது கதை பேச முடியாது. கூச்சப்படுகிறவர்களுக்கும் 'இப்படித் திரும்புங்கள்' என்று தெளிவாகச் சொல்வது ஒரு நிம்மதி. ஆனால் சிரிப்பு என்று வரும்போது இந்த வழி கைவிட்டுவிடும். உதட்டோரத்தை இழுக்கும் தசை நாம் சொன்னபடி கேட்கும், கண்ணைச் சுற்றியுள்ள தசை மனம் மகிழ்ந்தால்தான் சுருங்கும் என்று பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862-லேயே எழுதிவிட்டார். 'கொஞ்சம் சிரிங்க' என்று கேட்டு வாங்கும் படத்தில் வாய் மட்டும் சிரிப்பது அதனால்தான்.

இரண்டாவது வழியை எல்லை வரை கொண்டுபோனவர் அமெரிக்கப் புகைப்படக்காரர் பிலிப் ஹால்ஸ்மன். எதிரில் இருப்பவரைக் குதிக்கச் சொல்வார். கவனமெல்லாம் குதிப்பதில் போய்விடுவதால் முகத்தில் இருக்கும் வேஷம் கலைந்துவிடும் என்று நம்பினார். நடிகை மர்லின் மன்றோவும், பின்னாளில் அமெரிக்க அதிபரான நிக்சனும் அவருக்காகக் குதித்தார்கள். நம் வீட்டில் அவ்வளவு தூரம் போகவேண்டாம். பாட்டியிடம் ஒரு முழம் பூ தொடுக்கக் கொடுங்கள், போதும். பழகிய வேலையில் கை இறங்கியதும் தோளும் இறங்கிவிடும்.

இதற்கு நேரம் பிடிக்கும், வீணாகும் படங்களும் அதிகம். பேசிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் வாய் கோணலாக விழும். அவர் பேசி முடித்த நொடியிலோ, நீங்கள் சொல்வதைக் கேட்கும்போதோ எடுக்கவேண்டும். லென்ஸும் இதற்கு ஒத்துழைக்க வேண்டும். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில், தொலைவை அருகில் காட்டும் 135 மி.மீ. லென்ஸைப் போட்டால் வெகுவாகப் பின்னால் போகவேண்டியிருக்கும், குரலை உயர்த்தித்தான் பேசமுடியும். 35 மி.மீ.யில் முகத்தருகே போனால் மூக்கு பெரிதாகும். 85 மி.மீ. சாதாரணமாகப் பேசும் தூரத்திலேயே நிற்க விடும்.

ஒருவர், இருவர் என்றால் நான் இரண்டாவது வழியைத்தான் எடுப்பேன். ஆனால் ஜன்னலோரம் உட்காரவைத்து, உடம்பைச் சற்றுத் திருப்பும் வரை முதல் வழி. அப்புறம் பேச்சு. 'முடிஞ்சுது, நன்றி' என்று சொன்ன பிறகும் கேமராவை இறக்கமாட்டேன். அவர் பெருமூச்சு விட்டு நிமிர்ந்து பார்ப்பார், அப்போது இன்னும் ஒன்று எடுப்பேன்.