எங்கள் கிளை நூலகத்தின் உலக வரலாற்று அலமாரி

காரைக்குடியிலிருந்து பேருந்தில் அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நாவல்களுக்கு ஐந்து அலமாரிகள், போட்டித் தேர்வு நூல்களுக்கு மூன்று, உலக வரலாறு, பன்னாட்டு அரசியல், சுற்றுச்சூழல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று என்று இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த ஒற்றை அலமாரியைக் கடந்த ஆறு மாதங்களாக மேல்தட்டிலிருந்து தொடங்கிப் படித்து வருகிறேன். எங்கள் வட்டாரத்தில் வரலாறு படிக்க விரும்புவோர் அங்கே எதை நம்பிப் போகலாம், எதற்குப் போய் ஏமாறுவார்கள் என்பதைச் சொல்லலாம் என்று தோன்றியது.

நான் தேடிப் போன காரணம் வீட்டில் இருந்த ஒரு தகரப் பெட்டி. என் ஐயா (தாத்தா) பர்மாவில், பெகு நகரத்து வட்டிக்கடை ஒன்றில், முதலில் பெட்டியடிப் பையனாகவும் (எடுபிடிப் பயிற்சியாள்) பின்னர் அடுத்தாளாகவும் (முகவருக்கு உதவியாளர்) வேலை பார்த்தவர். அவர் வைத்திருந்த ஐந்தொகை (வரவு-கடன் இருப்புக் கணக்கு) குறிப்புகளில் 1929ஆம் ஆண்டுப் பக்கங்களில் வரவேண்டிய கடன்கள் ரூபாயாக எழுதப்பட்டிருக்கின்றன. 1934க்கு வரும்போது அதே பெயர்களுக்கு எதிரே ரூபாய்க்குப் பதிலாக ஏக்கர் கணக்கு நிற்கிறது. மை கூட மாறவில்லை, அதே கையெழுத்து. பணம் எப்படி நிலமாயிற்று என்பதை வீட்டில் எவரும் எனக்கு விளக்கிச் சொன்னதில்லை.

விடை இரண்டாவது தட்டில் கிடைத்தது. தமிழ்வழிக் கல்லூரி மாணவர்களுக்காக 1970களில் வெளியான, இப்போது அட்டை கிழிந்து மறுபடி பைண்டிங் செய்யப்பட்டிருக்கும் பாடநூல்களே இந்த அலமாரியின் உண்மையான சொத்து. கீழ்ப் பர்மாவை 1852 போருக்குப் பின் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டது, 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐராவதி வடிநிலத்து நெல்லுக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்தது, காட்டைத் திருத்திய உழவர்களுக்கு நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கடன் கொடுத்தது, 1930இல் உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை சரிந்து கடன்கள் முடங்கியது ஆகியவற்றை ஒரே சங்கிலியாகத் தொடுத்துக் காட்டும் நூல்கள் இவை. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் விளைநிலத்தில் ஏறத்தாழ 6 விழுக்காடு செட்டியார்கள் கையில் இருந்தது. 1938இல் அது 25 விழுக்காடு. விரும்பி வாங்கிய நிலமன்று, திரும்பி வராத கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்த நிலம். அந்த நிலமே பர்மியரின் கோபத்துக்கு இலக்கானது என்பதையும் படித்தபின், ஐயாவின் ஏக்கர் கணக்கைப் பெருமையோடு மட்டும் பார்க்க முடியவில்லை.

அதே தட்டில் வெ. சாமிநாத சர்மாவின் நூல்கள் இருக்கின்றன. அவர் 1932 முதல் 1942 வரை இரங்கூனில் வாழ்ந்தவர். ஜப்பானியப் படையெடுப்பின்போது ஆயிரக்கணக்கானோரோடு கால்நடையாகத் தாயகம் திரும்பி, அந்தப் பயணத்தையும் எழுதி வைத்தவர். அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா), ஸ்பெயின், செக்கோஸ்லோவேகியா, பாலஸ்தீனம் என்று அன்றன்றைய உலகச் சிக்கல்களை 1930களிலேயே, நிகழ்வின் சூடு ஆறுவதற்குள், சாதாரண வாசகருக்குப் புரியும் தமிழில் கொடுத்தார். அவருடைய நடை இன்று சற்றுப் பழையதாகத் தெரியலாம். ஆனால் ஒரு நாட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கும்போது அது எங்கே இருக்கிறது, அங்கே என்ன விளைகிறது, யார் யாரை ஆள்கிறார்கள் என்று முதலில் தரையைக் காட்டிவிட்டுப் பிறகு சண்டைக்குள் அழைத்துப் போகும் ஒழுங்கு, இந்த அலமாரியில் இருக்கும் அண்மைக்கால நூல்கள் பலவற்றில் இல்லை.

மூன்றாவது தட்டு மாஸ்கோவில் அச்சான தமிழ் நூல்களுக்கு உரியது. தாளும் கட்டமைப்பும் இன்றும் கலையாமல் இருக்கின்றன, மொழிபெயர்ப்பும் மோசமில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு உலகைப் பார்க்கும் நூல்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தது. எங்கள் அலமாரியின் உலகமும் கிட்டத்தட்ட அந்த ஆண்டோடு நின்றுவிடுகிறது.

அதற்குப் பிந்தைய தொகுப்புதான் ஏமாற்றம் தருகிறது. மண்டேலாவுக்கு நான்கு வாழ்க்கை வரலாறுகள் உண்டு, மற்றபடி ஆப்பிரிக்கா என்றொரு கண்டமே இல்லை. மின்கல ஆய்வில் பெயர் பெற்ற சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடியில் இருக்கிறது. அந்த மின்கலங்களுக்கு வேண்டிய கோபால்டில் பாதிக்கு மேல் வெட்டியெடுக்கப்படும் காங்கோவைப் பற்றி ஒரு நூல் கூட வாங்கப்படவில்லை. பருவநிலை மாற்றம் குறித்து இருப்பவை பெரும்பாலும் பள்ளிக் கட்டுரைப் போட்டிக்கு எழுதப்பட்டவை போல அறிவுரையில் தொடங்கி அறிவுரையில் முடிகின்றன. 2015 பாரிஸ் உடன்பாட்டில் புவி வெப்ப உயர்வுக்கு 1.5 பாகை செல்சியஸ் என்ற எல்லை ஏன் இடம்பெற்றது என்பதை அவற்றில் ஒன்றே ஒன்றுதான் பொறுமையாக விளக்குகிறது.

தமிழ் வரலாற்று நூல்கள் மீது எனக்குப் பொதுவான ஒரு குறையும் உண்டு. நூலின் இறுதியில் பொருளடைவு தருவதில்லை, வரைபடம் தருவதில்லை, தந்தாலும் ஊர்ப்பெயர்கள் படிக்க முடியாதபடி கருத்துப் போயிருக்கும். ஒரே நூலில் இருபதாம் பக்கத்தில் ‘மோல்மேன்’ என்றும் நூறாம் பக்கத்தில் ‘மௌல்மெயின்’ என்றும் வரும் பர்மிய ஊர் ஒன்றுதான் என்று தெரிந்துகொள்ள எனக்கே ஒரு மாலை ஆயிற்று.

சேவையைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகமில்லை. வெள்ளிக்கிழமை விடுமுறை. உறுப்பினர் ஆவது எளிது, காப்புத்தொகை மிகச் சிறியது. நூல்கள் பொருள்வாரியாக அன்றி உயரவாரியாக அடுக்கப்பட்டிருப்பதால் நாமாகத் தேடினால் கிடைக்காது, உதவியாளரைக் கேட்டால், “அண்ணே, பர்மாவா? ரெண்டாந் தட்டுல பச்சை அட்டைக்குப் பின்னால பாருங்க” என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுகிறார். நூல் பரிந்துரைப் பதிவேடு ஒன்றும் இருக்கிறது. அதில் எனக்கு முன் கடைசியாக எழுதியவர் 2016இல் எழுதியிருந்தார்.

கோட்டையூர் ரோஜா முத்தையா திரட்டிய மாபெரும் தொகுப்பு அவர் மறைவுக்குப் பின் சென்னைக்குப் போய் ஆய்வு நூலகமாகப் பாதுகாப்பாக இருக்கிறது. ஆய்வாளர்கள் அங்கே போகலாம். ஊரில் இருப்பவர்களுக்கு இந்த ஒற்றை அலமாரிதான். காங்கோ, சீனா, மேற்காசியா என்று மூன்று தலைப்புகளைப் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். சர்மாவின் பர்மா நடைப்பயண நூல் இப்போது என்னிடம் இருக்கிறது, வரும் புதன்கிழமை திருப்பிக் கொடுத்துவிடுவேன்.