பிராங்பர்ட்டா, மிலானா? ஊர்க் கைவினைஞருக்குத் துணையாகச் செல்லும் டெல்லித் தமிழர்களுக்கு

ஐரோப்பாவுக்குச் சுற்றுலா செல்லும் டெல்லித் தமிழர்களிடம், அங்கே நடக்கும் கைவினைக் கண்காட்சியில் கடை விரிக்கும் சொந்த ஊர்க்காரர் ஒருவர், "அந்த நாள்களில் ஸ்டாலில் எங்களோடு நிற்க முடியுமா?" என்று கேட்பதுண்டு. வாங்க வருபவரிடம் ஆங்கிலத்திலும், கைவினைஞரிடம் தமிழிலும், பக்கத்து ஸ்டால்காரரிடமும் ஏற்றுமதிக் குழு அலுவலரிடமும் இந்தியிலும் பேசக்கூடியவர்கள் நாம் என்பதால், கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்தக் கண்காட்சி என்பதைப் பொறுத்து, நம் உதவியின் தன்மை முற்றிலும் மாறிவிடுகிறது.

மிலான் நகரின் புறத்தே உள்ள ரோ கண்காட்சி வளாகத்தில் டிசம்பர் தொடக்கத்தில் நடக்கும், 1996-இல் தொடங்கிய 'ஆர்ட்டிஜானோ இன் பியேரா' பொதுமக்களுக்கானது, அனுமதி இலவசம். கிறிஸ்துமஸ் பரிசு வாங்க வரும் குடும்பங்களே பெரும்பாலான வாடிக்கையாளர்கள். இங்கே துணைக்கு நிற்பவரின் வேலை விலை சொல்வதும், பொட்டலம் கட்டுவதும், கைவினைஞர் சாப்பிடப் போகும் நேரத்தில் கடையைப் பார்த்துக்கொள்வதும்தான். பணம் அன்றன்றே கைக்கு வரும்; முதன்முறை வெளிநாடு செல்லும் கைவினைஞருக்கு, தான் செய்ததை ஒருவர் ஆசையோடு கையில் எடுத்துப் பார்ப்பதை நேரில் காண்பது பெரிய ஊக்கம். அதை நான் சிறிதும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

பிராங்பர்ட்டில் பிப்ரவரியில் நடக்கும் 'ஆம்பியன்டே' வேறு உலகம். வணிகர்களுக்கு மட்டுமே அனுமதி. அங்கே எதிர்பார்க்கப்படுவது சில்லறை விற்பனை அன்று, மொத்த ஆர்டர். கொள்முதல் செய்பவர் சில நிமிடங்களே நிற்பார். அதற்குள் குறைந்தபட்ச ஆர்டர் அளவு என்ன, சென்னைத் துறைமுகத்தில் கப்பலேற்றும் வரையிலான எஃப்ஓபி விலை என்ன, எத்தனை வாரத்தில் அனுப்ப முடியும் என்று கேட்டுவிடுவார். சுவாமிமலை ஸ்தபதி ஒருவரின் ஸ்டாலில், ஒரே அளவில் இருநூறு நடராசர் வேண்டும் என்று கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றி, பிறகு மண் அச்சை உடைத்தே சிலையை எடுக்கிறார்கள் என்பதால், அடுத்த சிலைக்கு மெழுகிலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும். இரண்டு சிலைகள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்க முடியாது என்பதைக் குறையாகத் தோன்றாமல், விலைக்கான காரணமாகவே விளக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால், அந்தப் பேச்சு ஆர்டராக முடிய வாய்ப்புண்டு. இல்லாவிட்டால், கேட்டவர் தலையசைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். பத்தமடைப் பாயிலும் இதே நிலைதான், நயமான ஒரு பாய்க்குப் பல வாரங்கள் ஆகும்போது, "மாதத்துக்கு எத்தனை?" என்ற கேள்விக்கு அவசரப்பட்டுச் சொல்லிவிடும் எண்ணிக்கை பின்னால் நெய்பவரின் கழுத்தைப் பிடிக்கும்.

சரக்கைக் கொண்டுபோகும் வழியிலும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. பிராங்பர்ட்டுக்குச் செல்லும் சாம்பிள்கள் திரும்பி வரப் போகின்றவை என்பதால், டெல்லி தான்சேன் மார்கிலுள்ள ஃபிக்கி என்னும் வணிகத் தொழில் கூட்டமைப்பின் அலுவலகம் வழங்கும் ஏடிஏ கார்னே என்ற தற்காலிகச் சுங்க ஆவணம் போதும். ஓராண்டு செல்லும், அங்கே இறக்குமதி வரி கட்ட வேண்டியதில்லை. மிலானில் விற்பதற்கென்றே கொண்டுபோகும் சரக்குக்குக் கார்னே பொருந்தாது. முறையான ஏற்றுமதி ஆவணங்களோடு அனுப்பி, சுங்க வரியையும் இத்தாலியின் 22 சதவீத மதிப்புக் கூட்டு வரியையும் கணக்கில் கொண்டே விலை வைக்க வேண்டும். சிலைகளுக்கு, எங்கே கொண்டுபோனாலும், இவை தொன்மைப் பொருள்கள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையின் சான்றிதழைக் கையில் வைத்திருப்பது நல்லது. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்த சிலையை வெளியே கொண்டுபோக முடியாது என்பதால், நேற்று வார்த்த விக்கிரகமும் விமான நிலையத்தில் சந்தேகத்துக்கு உள்ளாகக்கூடும். ஈட்டி மரப் பொருளானால், வசந்த் குஞ்சிலுள்ள கைவினைப் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டுக் குழு, மரம் சட்டப்படி பெறப்பட்டது என்பதற்கு வழங்கும் 'விருக்ஷ்' சான்றிதழ் தேவையா என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

விசா விஷயத்தில் இரு ஊர்களுக்கும் ஒரே விதிதான். ஊதியம் இல்லாவிட்டாலும், ஸ்டாலில் நிற்கப் போகிறவர் பயண நோக்கம் வெறும் சுற்றுலா என்று எழுதக் கூடாது. கடை எடுத்தவரின் அழைப்புக் கடிதத்தை இணைத்து, கண்காட்சிக்கு உதவச் செல்வதை ஷெங்கன் விண்ணப்பத்திலேயே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

என் முடிவைச் சொல்கிறேன். விடுமுறையில் சில நாள்களை மட்டும் தர முடிகிறவர் மிலானையே தேர்ந்தெடுக்கட்டும். அங்கே கடை மூடும்போது வேலையும் முடிந்துவிடுகிறது. பிராங்பர்ட்டில் கண்காட்சி முடிந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. திரட்டிய விசிட்டிங் கார்டுகள் ஒவ்வொன்றுக்கும் மின்னஞ்சல் எழுதுவது, சாம்பிளின் படத்தையும் அளவையும் அனுப்புவது, வரும் பதிலைத் தொலைபேசியில் ஸ்தபதிக்கு வரிக்கு வரி தமிழில் சொல்வது ஆகியவற்றை டெல்லியில் இருந்தபடி மாதக்கணக்கில் செய்ய மனமும் நேரமும் உள்ளவரே அங்கே போக வேண்டும். அப்படிப்பட்டவர் கிடைத்தால் நான் தயங்காமல் பிராங்பர்ட்டையே சொல்வேன், ஏனெனில் தொடர்ந்து ஆர்டர் தரும் ஒரே ஒரு வாடிக்கையாளர் ஒரு பட்டறையை ஆண்டு முழுவதும் நடத்த உதவ முடியும்.

எது தமக்கு ஒத்துவரும் என்று தெரியாதவர்கள், அக்டோபரில் கிரேட்டர் நொய்டாவில் நடக்கும் ஐஎச்ஜிஎஃப் டெல்லி என்ற கைவினை, பரிசுப் பொருள் கண்காட்சியில் ஏதாவது ஒரு தமிழ்நாட்டு ஸ்டாலில் முதலில் உதவிப் பார்க்கலாம். அதுவும் வணிகர்களுக்கானது; கடை எடுத்தவர் வழியாக அனுமதி அட்டை வாங்க வேண்டும். மெட்ரோவின் அக்வா வழித்தடத்தில் நாலெட்ஜ் பார்க் 2 நிலையத்தில் இறங்கினால் போதும். வெளிநாட்டுக் கொள்முதலாளர்கள் கேட்கும் அதே கேள்விகள் அங்கேயே காதில் விழும். பதில் தெரியாதவற்றைக் குறித்துக்கொண்டு, பிப்ரவரிக்குள் ஊரில் விசாரித்து வைத்துக்கொள்ள அவகாசமும் இருக்கும்.