42 அட்டைகளும் என் ஒன்பதாம் வகுப்பும்

சேலம் புத்தகக் கண்காட்சியில் ஒரு கடையின் மூலையில் இந்தப் பெட்டி இருந்தது. பள்ளி மாணவர்களுக்குக் குழந்தை உரிமைகளையும் உலகக் குடிமையையும் சொல்லித்தரும் பெட்டி என்று மேலே எழுதியிருந்தது. உள்ளே 42 அட்டைகள், ஓர் ஆசிரியர் கையேடு, சுவரில் மாட்ட ஓர் உலக வரைபடம், 40 பயிற்சித் தாள்கள். விலை 850 ரூபாய். நான் ஏற்காட்டு மலையில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் மனித உரிமைகள் பாடம் வரும்போதெல்லாம், பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்த்துப் பேச ஏதாவது கிடைக்காதா என்று பல வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன். அதனால் யோசிக்கவே இல்லை, வாங்கிவிட்டேன். ஒரு பருவம் முழுக்கப் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன்.

ஒரு பிரிவுக்கு ஓர் அட்டை. ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 54 பிரிவுகள் இருக்க, அட்டை ஏன் 42 என்று முதலில் குழம்பினேன். 43 முதல் 54 வரை உடன்படிக்கையை நடைமுறைப்படுத்தும் குழு, நாடுகள் கையெழுத்திடும் முறை போன்ற நிர்வாக விஷயங்கள். அவற்றை விட்டது சரிதான். 42ஆவது பிரிவு, இந்த உரிமைகளைப் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் தெரியப்படுத்த வேண்டும் என்பது. அதோடு முடித்திருப்பது எனக்குப் பிடித்தது.

அட்டைகளின் தரம் சுமார். ஐப்பசியில் மேலே பனி இறங்கினால் வகுப்பறைக்குள் காகிதம் எல்லாம் நமத்துப்போகும். இரண்டே வாரத்தில் அட்டைகளின் ஓரம் சுருண்டுகொண்டது. கீழே சேலத்துக்கு எடுத்துப்போய் லேமினேஷன் போட்டேன். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

தமிழும் பல இடங்களில் கரடுமுரடு. 12ஆவது அட்டையில் ஒரே வாக்கியம் ஐந்து வரிக்கு ஓடுகிறது. பிள்ளைகள் இரண்டு முறை படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். 'உன்னைப் பற்றி முடிவெடுக்கும்போது உன்னையும் கேட்க வேண்டும், நீ சொல்வதை மதிக்க வேண்டும்' என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி அதன்மேல் ஒட்டினேன். இப்படி மூன்று அட்டைகளைத் திருத்த வேண்டியிருந்தது.

கையேட்டில் ஒரு தகவல் பிழையும் இருக்கிறது. உலகின் எல்லா நாடுகளும் இந்த உடன்படிக்கையை ஏற்றுவிட்டன என்கிறார்கள். ஏற்றவை 196 தரப்புகள். அமெரிக்கா 1995இல் கையெழுத்திட்டது, இன்றுவரை உறுதிசெய்யவில்லை. நம் நாடு 1992 டிசம்பரில் சேர்ந்தது. வரைபடத்தில் அமெரிக்காவை வேறு நிறத்தில் தீட்டச் சொன்னபோது ஒரு பையன் நம்பவே இல்லை, பாடப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினான்.

வரலாற்றுப் பக்கம் மட்டும் குறை சொல்ல முடியாதபடி இருக்கிறது. முதல் உலகப்போர் முடிந்த பிறகும் எதிரி நாடுகளில் பிள்ளைகள் பட்டினி கிடந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் படங்களோடு 1919இல் லண்டனில் துண்டறிக்கை கொடுத்ததற்காக எக்லன்டைன் ஜெப் என்ற பிரிட்டிஷ் பெண்மணி கைதானார், 5 பவுன் அபராதம். வழக்கு நடத்திய அரசு வழக்கறிஞரே அந்தப் பணத்தை எடுத்துக் கொடுத்தாராம். குழந்தை உரிமைகளுக்கான 1924 ஜெனீவா பிரகடனத்துக்கு முதல் வரைவு எழுதியவர் அதே ஜெப். இதை நான் வாசித்து முடித்ததும் வகுப்பு கை தட்டியது. பாடம் எடுக்கும்போது எனக்கு அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை இது.

இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பயன்பட்டது கப்பல் விளையாட்டு. ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து, புதிய நாட்டுக்குக் கொண்டுபோகப் பத்து உரிமை அட்டைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நடுக்கடலில் புயல். பாரம் குறைக்க மூன்று அட்டைகளைக் கடலில் போட வேண்டும், எதைப் போடுவது என்று ஐந்து பேரும் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். கிட்டத்தட்ட எல்லாக் குழுவும் 31ஐத் தூக்கிப் போட்டார்கள். ஓய்வும் விளையாட்டும். சோறு, படிப்பு, மருந்தை விட அது என்ன பெரிசு என்றார்கள். ஒரு பெண் மட்டும் அட்டையை விடவில்லை. "மிஸ், பழம் பறிக்கிற காலத்துல எங்களுக்கு ஞாயித்துக்கிழமையே கிடையாது. இதையும் போட்டுட்டா அப்புறம் என்ன மிஸ் இருக்கு?" என்றாள்.

நவம்பரில் காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கினால் பிப்ரவரி வரை இந்த மலையில் வேலை ஓயாது. அவள் பேசிய பிறகு நாலைந்து பேர் வாய் திறந்தார்கள். பின்பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான்: "அம்மாகூடப் போய் பறிச்சா அது குழந்தைத் தொழிலா மிஸ்? அப்போ எங்கம்மாவைப் பிடிச்சுட்டுப் போவாங்களா?"

பெட்டியிடம் இதற்குப் பதில் இல்லை. குழந்தைத் தொழில் பற்றிய 32ஆவது அட்டையில் செங்கல் சூளையில் ஒரு சிறுவன் படம், பின்னால் மீசைக்கார முதலாளி. என் பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்து, யாரோ எங்கேயோ என்று நினைத்து நகர்ந்துவிட்டார்கள். கையேடு சட்டத்தை ஒரே வரியில் முடித்துவிட்டது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயதுக்குக் குறைந்தவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்ப வேலையில் கைகொடுக்கலாம். 14 முதல் 18 வரை ஆபத்தான வேலைகளுக்குத் தடை. சொந்தக் காப்பித் தோட்டத்தில் அம்மாவுக்கு உதவுவது வேறு, எஸ்டேட்டில் எடை போட்டுக் கூலிக்குப் பறிப்பது வேறு. இரண்டும் என் வகுப்பில் இருக்கின்றன. மலைக்குக் கீழே சிவதாபுரம், பனங்காடு பக்கம் வீட்டுக்கு வீடு நடக்கும் கொலுசு வேலையிலும் இதே கேள்வி வரும். அந்த ஊர் ஆசிரியர்கள் இந்த அட்டையை எடுக்கும் முன் பதிலைத் தயார் செய்துகொள்வது நல்லது.

உரிமை அட்டையைக் காட்டிப் பிள்ளையை அம்மாவுக்கு எதிராக நிறுத்திவிடக் கூடாது என்பதுதான் அன்று எனக்கு இருந்த ஒரே பயம். மறுநாள் கையேட்டின் இரண்டாம் பாதியைத் திறந்தேன். அது உலகக் குடிமை. ஒரு சாக்லேட்டின் விலையில் கானா நாட்டு விவசாயிக்கு எவ்வளவு, கப்பலுக்கு எவ்வளவு, கடைக்கு எவ்வளவு என்று பங்கு போடும் பயிற்சி. நல்ல பயிற்சிதான். ஆனால் அதற்கு அடுத்த பக்கத்திலேயே, ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கு நாம் என்ன அனுப்பலாம் என்று கேட்கிறார்கள். என் வகுப்பில் அந்தக் கேள்வியை நான் வாசிக்கவே இல்லை.

சாக்லேட்டை எடுத்துவிட்டுக் காப்பியை வைத்தேன். 6 கிலோ பழம் பறித்தால் ஏறத்தாழ 1 கிலோ காப்பிக் கொட்டை தேறும் என்று அவர்களே சொன்னார்கள். இந்தியக் காப்பியில் பெரும்பகுதி வெளிநாட்டுக்குப் போகிறது, அதிகம் வாங்கும் நாடு இத்தாலி என்று நான் சொன்னேன். வரைபடத்தில் ஏற்காட்டிலிருந்து இத்தாலிக்கு நூல் கட்டினோம். தோட்டக்காரர், பறிப்பவர், வியாபாரி, ஆலை, கப்பல், கடை என்று ஆறு பேர் முன்னால் வந்து நின்றார்கள். நூறு புளியங்கொட்டைகளை ஒரு கோப்பைக் காப்பியின் விலையாக வைத்துக்கொண்டு பங்கு போட்டார்கள். பறிப்பவராக நின்ற பெண்ணுக்கு மற்றவர்கள் கொடுத்தது மூன்று கொட்டை. அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டிவிட்டு, "இதுல நாலு பேருக்குச் சோறு ஆகாது, அதான் என்னையும் கூப்பிடுது எங்கம்மா" என்றாள். முந்தின நாள் கேட்ட பையன் தலையை ஆட்டினான். குழந்தை உரிமையும் உலகமும் கையேட்டில் இரண்டு தனித்தனிப் பகுதிகள். பிரித்து நடத்தினால் இரண்டுமே வெறும் மனப்பாடம் ஆகிவிடும். தயவுசெய்து சேர்த்து நடத்துங்கள்.

எனக்குக் கோபம் வந்தது பயிற்சித் தாளில்தான். 'பெயர், வகுப்பு, உனக்கு மறுக்கப்பட்ட உரிமை எது?' என்று அச்சிட்டிருக்கிறார்கள். 30 பேர் இருக்கும் அறையில், பெயர் போட்டு, பக்கத்துப் பிள்ளை எட்டிப் பார்க்க, எந்தக் குழந்தை உண்மையை எழுதும்? எழுதினால் அதன்பின் அதற்கு யார் பாதுகாப்பு? 16ஆவது அட்டை தனிமைக்கான உரிமை என்று இதே பெட்டியில் இருக்கிறதே! அந்தத் தாள்களை நான் கொடுக்கவில்லை. பெயரில்லாத துண்டுச் சீட்டு, மூடிய டப்பா, சாவி என்னிடம். குழந்தைகள் உதவிக்கு அழைக்கும் 1098 எண்ணைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அது ஒவ்வோர் அட்டையின் பின்னாலும் வந்திருக்க வேண்டிய எண். நாங்கள் கரும்பலகைக்கு மேலே சிவப்புப் பெயின்ட்டில் பெரிதாக எழுதிவிட்டோம்.

டப்பாவில் வந்த சீட்டுகளில் ஏழு ஒரே விஷயத்தைச் சொல்லின, பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று. 12ஆவது அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று மாணவிகள் தலைமையாசிரியரிடம் போனார்கள். நான் கூடப் போகவில்லை, வாசலில் நின்றேன். நாலு நாளில் தாழ்ப்பாள் வந்துவிட்டது.

வாங்கலாமா என்று கேட்டால், வாங்குங்கள். அட்டைகளுக்காகவும் கப்பல் விளையாட்டுக்காகவும் மட்டுமே அந்த விலை தகும். பயிற்சித் தாள்களை வெளியே எடுத்துவிடுங்கள். ஒரு விளையாட்டுக்கு இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள், 40 நிமிடத்தில் முடியாது. உங்கள் ஊரில் எது விளைகிறதோ, எந்த வேலை நடக்கிறதோ, அதைச் சாக்லேட் இருந்த இடத்தில் வையுங்கள். நான் திருத்தி எழுதிய மூன்று அட்டைகளின் நகல் என்னிடம் இருக்கிறது. சேலம் பக்கத்து ஆசிரியர்கள் யார் கேட்டாலும் தருகிறேன்.