பத்து ரூபாயின் நடுவட்டத்தைத் திருப்பிப் போட்டு விற்கிறார்கள்: பாளையங்கோட்டையில் நான் ஏமாந்தது

சென்ற மாதம் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் பழைய நாணயக் கண்காட்சி நடந்தது. அங்கே மேசை போட்டிருந்த ஒரு வியாபாரியிடம் 4,500 ரூபாயையும், என் அப்பா வைத்துவிட்டுப் போன ஓர் ஒற்றை ரூபாய்க் காசையும் கொடுத்துவிட்டு வந்தேன். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தக் காசு போனதைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை. இதே ஆட்கள் அடுத்து அம்பாசமுத்திரத்துக்கும் தென்காசிக்கும் போவதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் நடந்ததை எழுதுகிறேன்.

அப்பா திருநெல்வேலி - பாபநாசம் தடத்தில் கண்டக்டராக இருந்தார். இரவு டெப்போவில் வசூல் கட்டும்போது பையில் விநோதமான காசு கண்ணில் பட்டால், தன் பணத்திலிருந்து அதே மதிப்புக்குச் சில்லறை வைத்துவிட்டு அதை எடுத்துக்கொள்வார். டிக்கெட் தாளில் மடித்து, தேதி எழுதி, தகர டப்பாவில் போடுவார். அப்படிச் சேர்ந்தவை பதினேழு காசுகள். அவற்றில் ஒன்று, 1992 முதல் வந்த சிறிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒரு ரூபாய். ஒரு பக்கம் சிங்கமுகத் தூண் வழக்கம்போல் புடைத்திருக்கும். மறுபக்கம் ஒன்று என்ற எண்ணும் தானியக் கதிர்களும் இருக்க வேண்டிய இடத்தில் அதே சிங்கங்கள், கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி, உள்ளே குழிந்து கிடக்கும். சிறுவயதில் அந்தக் குழிவில் மெழுகை அழுத்திச் சிங்கம் செய்து விளையாடியிருக்கிறேன்.

அதன் மதிப்பைத் தெரிந்துகொள்ளலாமே என்றுதான் எடுத்துப் போனேன். வியாபாரி பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “அக்கா, இது அடிபட்ட காசு. யாரோ இன்னொரு காசை மேலே வைத்துச் சுத்தியலால் தட்டியிருக்கிறார்கள். ஆண்டுகூட இல்லை பாருங்கள். ஆண்டு இல்லாத காசை யார் வாங்குவார்கள்?” என்றார். பிறகு வெல்வெட் பெட்டியைத் திறந்து ஒரு பத்து ரூபாய் நாணயத்தைக் காட்டினார். மஞ்சள் வளையத்தில் கதிர்க்கோடுகள்; அவற்றுக்கு நடுவே, மறுபக்கத்தில் இருக்க வேண்டிய சிங்கங்கள். நாணயச்சாலையில் நடுவட்டம் தலைகீழாக விழுந்துவிட்டது என்றும், லட்சத்தில் ஒன்று இப்படி வரும் என்றும் சொன்னார். நான் தயங்கியதும் சின்னத் தராசில் வைத்தார். 7.71 கிராம். “அசல் எடை, நீங்களே பாருங்கள்.” விலை 5,000, என் ‘அடிபட்ட காசுக்கு’ 500 ரூபாய் கழித்துக்கொள்வதாகச் சொன்னபோது, நல்ல மனிதர் என்றே நினைத்தேன்.

டவுன் ரத வீதிப் பக்கம் நாற்பது ஆண்டுகளாக நாணயம் சேர்க்கும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் இருக்கிறார். பெருமையோடு அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “அம்மா, நடுவட்டம் வளையத்துக்குள் போனது அச்சு விழுவதற்கு முன்பா, பின்பா?”

அங்கேதான் எனக்கு விளங்கியது. வளையமும் நடுவட்டமும் அச்சுக்கு வரும்போது இரண்டுமே எழுத்தில்லாத வெறும் தகடுகள். ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, மேலும் கீழும் அச்சு இறங்கும் அந்த ஒரே அடியில்தான் இரண்டும் இறுகுகின்றன, உருவமும் விழுகிறது. வெறும் தகட்டைத் தலைகீழாகப் போட்டாலும் அதே உருவம்தான் வரும். ஆகவே ஒரு பக்கத்து வளையமும் மறுபக்கத்து நடுவட்டமும் சேர்ந்த பத்து ரூபாய் எந்த நாணயச்சாலையிலிருந்தும் வர வழியே இல்லை. வெளியே வந்த நல்ல காசைத் தட்டி நடுவட்டத்தைக் கழற்றித் திருப்பிச் செருகியிருக்கிறார்கள். பொருத்தின் ஓரத்தில் நசுங்கிய தழும்பு கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தது. எடை சரியாக இருந்ததில் என்ன அதிசயம்? காசு அசல்தானே!

அப்பாவின் காசைப் பற்றிச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகுதான் விளக்கினார். முன்பு அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும்போது, அடுத்த தகட்டின் ஒரு பக்கத்தில் அச்சுக்குப் பதிலாக அந்தக் காசே பதியும். அப்படித்தான் புடைத்த உருவம் ஒரு பக்கமும், அதே உருவம் குழிந்து மறுபக்கமும் வரும். சேகரிப்பவர்கள் இதைப் பிராக்கேஜ் என்கிறார்கள், தேடி வாங்குகிறார்கள். அந்த ரூபாயில் எண் இருக்கும் பக்கத்தில்தான் ஆண்டும் இருக்கும். அந்தப் பக்கமே பதியாத காசில் ஆண்டு எங்கிருந்து வரும்? குறை என்று வியாபாரி சொன்னதே அதற்குச் சான்று. பட்டறையில் இடுக்கிவைத்து நசுக்கிய போலியாக இருந்தால், பழைய எண்ணும் கதிரும் தட்டையாகி அடியில் நிழலாகத் தெரியும். அப்பாவின் காசில் அப்படி ஒரு கோடுகூடக் கிடையாது. அந்த ஆளுக்கு இது தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

அதே மேசையில் ‘குறி விடுபட்ட பிழைக்காசு’ என்று ஒன்றை 800 ரூபாய்க்கு ஒரு பெண்மணி வாங்கினார். குறி என்பது காசை அடித்த நாணயச்சாலையைக் காட்டும் சிறு அடையாளம்: மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தா காசுக்குக் குறியே கிடையாது. நம் எல்லார் பையிலும் அது இருக்கிறது. விளிம்பு பிறைபோல் வெட்டுப்பட்ட காசுகளும் இருந்தன. தகடு வெட்டும்போதே விழுந்த வெட்டானால் அதற்கு நேர் எதிரே உள்ள விளிம்பு மங்கிப்போயிருக்கும். அரத்தால் ராவியதில் எதிர் விளிம்பு கூர்மையாகவே நிற்கும். படித்துறையில் நாம் போடும் காசு ஆற்றில் கிடந்து அரிக்கப்பட்டதை ‘மெல்லிய தகட்டுப் பிழை’ என்று விற்பவர்களும் உண்டாம்.

மறுநாள் ஓடினேன். மேசை காலி. அந்த வியாபாரி தொலைபேசியில் இரண்டு முறை பேசினார்: “பில் இருக்கிறதா?” என்றார், பிறகு எடுக்கவே இல்லை. அவர் கொடுத்திருந்தது பெயரில்லாத வெள்ளைத் தாள். காசைக் கைமாற்றும் முன் இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். நான் அதைக்கூடச் செய்யவில்லை.

இதைக் கேட்டு என் கொழுந்தன் மீதிக் காசுகளை இணையத்தில் போட, மூன்றாம் நாளே ஒருவர் ஐந்து லட்சம் தருவதாகவும், ரிசர்வ் வங்கிக்குப் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும் என்றும் அழைத்தார். பழைய காசு வாங்கல் விற்றலில் தனக்குச் சம்பந்தமே இல்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்திருக்கிறது. பணம் கட்டிவிட்டவர்கள் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணை அழையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். குழிந்த பக்கத்தில், நடுச் சிங்கத்தின் கழுத்துக்குக் கீழே சாய்வாக ஒரு கீறல் இருக்கும். மெழுகை எடுக்க நான் ஊசியால் கீறியது. அப்படி ஓர் ஒற்றை ரூபாயை யாராவது எங்காவது விற்கப் பார்த்தால், விலை எதுவானாலும் இங்கே சொல்லுங்கள். “12.3.1999, சேரன்மகாதேவி” என்று அப்பா கையெழுத்தில் எழுதிய டிக்கெட் தாள் இன்னும் அந்தத் தகர டப்பாவில் இருக்கிறது.